உருண்டைக் கண்ணாடியில் மாஸ்க் ஏன் சுருங்குகிறது? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. தட்டைக் கண்ணாடியில் சாண்ட்பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகளை அடித்துக் கண்ணாடியில் வடிவம் போடும் வேலை, நன்றாக வருகிறது, ஆனால் டம்ளர், ஜாடி, விளக்குக் குடுவை என்று வளைவு வந்ததும், துகள் படக்கூடாத இடத்தை மூடும் மாஸ்க் படுத்துகிறது. சரி, மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் முழுசாகப் பார்த்துவிடலாம்.

கேள்வி: சார், நான் ஸ்டிக்கர் கட்டிங் செய்பவன். கதவுக் கண்ணாடி, நிலைக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் விளம்பர போர்டு வேலைக்கு வாங்கும் வினைலையே (பசையுள்ள பிளாஸ்டிக் ஷீட்) ஒட்டி பிளாஸ்ட் செய்துவிடுவேன். இப்போது உருண்டையான விளக்குக் குடுவையில் ஒரு பூ கேட்கிறார்கள். வினைல் நடுவில் ஒட்டுகிறது, ஓரமெல்லாம் சுருக்கம். இன்னும் விலை கூடிய வினைல் வாங்கினால் சரியாகுமா?

பதில்: கொஞ்சம் சரியாகும், முழுசாக ஆகாது. குறை வினைலில் மட்டும் இல்லை, குடுவையின் வடிவத்திலேயே இருக்கிறது. மாஸ்க் வாங்கும் முன் ஒரு ஸ்கேலை எடுத்துக் கண்ணாடி மேல் வையுங்கள். ஏதாவது ஒரு திசையில் ஸ்கேல் இடைவெளியே இல்லாமல் படிந்தால், அது ஒரு பக்கம் மட்டும் வளைந்த கண்ணாடி. நேர் டம்ளர், பாட்டிலின் உடம்பு, மேலே அகன்று கீழே குறுகும் டம்ளர் எல்லாம் இந்த வகை. இவற்றின் மேல் தட்டைத் தாளைச் சுருக்கமே இல்லாமல் சுற்றலாம். எப்படித் திருப்பி வைத்தாலும் ஸ்கேல் ஒரே புள்ளியில் தொட்டுக்கொண்டு ஆடுகிறது என்றால் அது இரு பக்கமும் வளைந்தது. உங்கள் குடுவை இந்த வகைதான்.

இரு பக்கமும் வளைந்த பரப்பில் தட்டைத் தாள் எதுவும் இழுபடாமலோ மடியாமலோ கிழியாமலோ உட்காராது. 1827-ல் காஸ் என்ற கணித மேதை இதை நிரூபித்துவிட்டார், அதனால் எந்தக் கம்பெனி எவ்வளவு நல்ல வினைல் செய்தாலும் இதைத் தாண்ட முடியாது. ஆரஞ்சுத் தோலை உரித்து மேஜையில் வைத்து அழுத்தினால் ஓரம் கிழிகிறது அல்லவா, அதே கணக்கு இங்கே தலைகீழாக நடக்கிறது: தட்டையை உருண்டையில் வைத்தால் ஓரத்தில் பொருள் மிஞ்சுகிறது.

எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. குடுவையின் விட்டம் 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத் துண்டை ஒட்டினால், துண்டின் சுற்றளவு 62.8, கண்ணாடியில் அதற்கு இருக்கும் இடம் 62.2. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, எந்த வினைலும் இதைச் சமாளித்துக்கொள்ளும். ஆரத்தை 20 ஆக்கினால் துண்டின் சுற்றளவு 125.7, இருக்கும் இடமோ 120.5 தான். 5 மில்லிமீட்டர் மிஞ்சுகிறது. ஆரம் 30 என்றால் 17 மில்லிமீட்டர் மிஞ்சும். அளவு மூன்று மடங்கு ஆனதற்கு மிச்சம் இருபத்தைந்து மடங்குக்கு மேல் கூடிவிட்டது, பார்த்தீர்களா. இந்த மிச்சம்தான் உங்கள் ஓரத்தில் சுருக்கமாக எழுந்து நிற்கிறது.

ஆகவே முதல் வேலை, பூவை ஒரே துண்டாக ஒட்டாதீர்கள். இதழ் இதழாக, இலை தனியாக, தண்டு தனியாகப் பிரித்து ஒட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் கட்டைவிரல் அகலத்தைத் தாண்டாமல் இருந்தால் சுருக்கத்துக்கு வழியே இல்லை. இரண்டாவது, பூவைச் சுற்றி மறைக்கும் பின்னணிப் பகுதியில் வெளி ஓரத்திலிருந்து வடிவத்தை நோக்கிக் கோடுகளாக வெட்டிவிடுங்கள், வடிவத்தைத் தொடுவதற்கு ஒரு விரல் முன்பே நிறுத்திவிடுங்கள். அப்போது மிச்சமெல்லாம் அந்த வெட்டுகளில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், வடிவத்தின் விளிம்பு சுத்தமாக இருக்கும். ஏறிய இடங்களின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் போதும். சுருக்கத்தை ஒழிக்க முடியாது, ஆனால் அது எங்கே விழ வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது.

இதற்கெல்லாம் அப்புறம்தான் வினைல் பேச்சு. போர்டு வேலைக்கு வரும் சாதாரண வினைல் காலண்டர்டு வகை. சூடான உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துச் செய்வது, 75 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். இழுத்துச் செய்ததால் அந்த இழுவிசை உள்ளேயே தங்கியிருக்கிறது. சூடு காட்டி வளைவில் உட்கார வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், ஓரம் தூக்கும். காஸ்ட் வினைல் என்பது திரவமாக ஊற்றிக் காயவைத்துச் செய்வது. உள்ளே இழுவிசை இல்லை, 50 மைக்ரான் அளவுக்கு மெல்லியது, வளைவுக்கு நன்றாக இணங்கும். ஆனால் மெல்லியது என்பதால் லேசான பனிப்பூச்சுக்கு, அதாவது கண்ணாடியின் மேல்பரப்பை மட்டும் வெள்ளையாக மங்கவைக்கும் வேலைக்கு மட்டும்தான் தாங்கும், ஆழமாக வெட்டினால் ஓட்டை விழும். உங்கள் பூ வெறும் பனிப்பூச்சுதான் என்றால் காஸ்ட் வினைல் வாங்குங்கள், பணம் வீண் போகாது. சாண்ட்பிளாஸ்டிங்குக்கென்றே வரும் தடித்த, ரப்பர் தன்மையுள்ள வினைலும் கிடைக்கிறது. ஒரு பக்க வளைவுக்கு அது அருமை, உருண்டைக்குச் சின்னத் துண்டுகளாக மட்டும் பயன்படுத்துங்கள்.

ஹேர் டிரையர் சூடு போதும். ஹீட் கன் வைத்து இழுத்தால் வட்டம் முட்டையாகிவிடும், இழுத்த இடம் மெலிந்து அங்கேதான் முதலில் ஓட்டை விழும்.

கேள்வி: கண்ணாடியையே தின்கிற துகள், நகத்தால் கீறினால் கிழிகிற ரப்பரையும் வினைலையும் ஏன் ஒன்றும் செய்வதில்லை? நியாயமாகப் பார்த்தால் மாஸ்க் கண்ணாடியைவிடக் கடினமாக இருக்க வேண்டாமா?

பதில்: நல்ல கேள்வி. சாண்ட்பிளாஸ்டிங்குக்கு 1870-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியவர் பெஞ்சமின் டில்க்மன். அன்றிலிருந்து இன்றுவரை இந்தத் தொழில் நிற்பதே இந்த ஒரு விஷயத்தின் மேல்தான். கண்ணாடி கடினம், ஆனால் நொறுங்கும். கூரான துகள் வேகமாக வந்து மோதினால் அதற்கு வளைந்து கொடுக்கத் தெரியாது, மோதிய இடத்தில் நுண்ணிய விரிசல் விட்டுச் சில்லு பெயரும். கோடிக்கணக்கான சில்லுகள் பெயர்ந்த பரப்புதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ரப்பர் அந்த மோதலை வாங்கிக்கொண்டு அமுங்கி, துகளைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. அதனால் மாஸ்க்குக்கு வேண்டியது கடினம் அல்ல, மீள்தன்மை.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கண்ணாடி அதிகம் தேய்வது துகள் நேராக, செங்குத்தாக மோதும்போது. ரப்பர் மாதிரியான பொருள் அதிகம் தேய்வது துகள் சாய்வாக உரசிக்கொண்டு போகும்போது. நேராக அடித்தால் கண்ணாடி வெட்டுப்படும், மாஸ்க் பிழைக்கும். சாய்வாக அடித்தால் கண்ணாடி மெதுவாக வெட்டுப்படும், மாஸ்க் வேகமாகப் போகும். வளைந்த கண்ணாடியில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கீழே இன்னொரு பதிலில் வருகிறது.

பெயின்டர்கள் ஒட்டும் காகித மாஸ்கிங் டேப் ஏன் நிற்பதில்லை என்றும் இப்போது புரிந்திருக்கும். அதில் மீள்தன்மை குறைவு, நார் பிய்ந்துவிடும். தூரத்தில் இருக்கும் இடங்களைப் போர்த்த அதை வைத்துக்கொள்ளுங்கள், வடிவத்தின் விளிம்பில் வேண்டாம். அதைவிட எலக்ட்ரீஷியன்கள் சுற்றும் பிவிசி டேப் வளைவில் எவ்வளவோ மேல், இழுத்து வளைத்தால் கோடு கோடாக அழகாகப் படியும்.

கேள்வி: மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும் டம்ளரில் சுற்றி ஒரு பார்டர் போட வேண்டும். நேர் பட்டையாக வெட்டி ஒட்டினால் ஒரு முனை மேலே ஏறிவிடுகிறது. இழுத்து ஒட்டலாமா?

பதில்: இழுக்காதீர்கள். இது ஒரு பக்க வளைவுதான், இழுக்கத் தேவையே இல்லாமல் உட்காரும், பட்டையை மட்டும் வில் வடிவத்தில் வெட்ட வேண்டும். மேல் விட்டம் 80, கீழ் விட்டம் 60, சாய்ந்த பக்கத்தின் நீளம் 100 மில்லிமீட்டர் என்று வைப்போம். சாய்ந்த நீளத்தை மேல் விட்டத்தால் பெருக்கி, இரண்டு விட்டங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் வெளி வில்லின் ஆரம் வரும்: 100 பெருக்கல் 80, வகுத்தல் 20, ஆக 400. உள் வில்லின் ஆரம் அதிலிருந்து 100 குறைவு, 300. விரியும் கோணம் 36 டிகிரி. கோணம் எப்படி வந்தது என்றால், மேல் விட்டத்தின் பாதியான 40-ஐ 400-ஆல் வகுத்து 360-ஆல் பெருக்கியதுதான். கணினியில் இந்த விசிறி வடிவத்தை வரைந்து, உங்கள் பார்டரை அதற்குள் வளைத்துவிட்டு, வினைலில் வெட்டும் முன் சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்து டம்ளரில் சுற்றிப் பாருங்கள். கையால் செய்த கண்ணாடி என்றால் விட்டம் இடத்துக்கு இடம் மாறும், தாள்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: ஒயின் கிளாஸ்களில் பெயரும் தேதியும் சின்ன எழுத்தில் கேட்கிறார்கள். பிளாட்டரில் (கணினி சொல்படி வினைலை வெட்டும் இயந்திரம்) வெட்டினால் தமிழ் எழுத்தின் சுழிகள் எல்லாம் பிய்ந்து வருகின்றன. போட்டோ ஃபிலிம் என்று ஒன்று இருக்கிறதாமே, வாங்கலாமா?

பதில்: சின்னத் தமிழ் எழுத்துக்கு வாங்கத்தான் வேண்டும். ணகரம், ழகரம், ஞகரம் இவற்றின் சுழிக்குள் நிற்கும் துணுக்குகளைப் பிளாட்டர் கத்தி திரும்பும்போதே தூக்கிவிடும், தூக்காமல் விட்டாலும் தேவையற்றதைப் பிய்த்தெடுக்கும்போது கூடவே வந்துவிடும். எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நான் வினைலை யோசிப்பதே இல்லை.

போட்டோ ரெசிஸ்ட் ஃபிலிம் என்பது புற ஊதா ஒளி பட்டால் இறுகும் ஒரு படலம். தெளிவான பிளாஸ்டிக் தாளில் உங்கள் எழுத்தை நல்ல கறுப்பாக அச்சிட்டு, ஃபிலிமின் மேல் ஒட்டிவைத்து ஒளி காட்ட வேண்டும். ஒளி பட்ட இடம் இறுகும். கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் தண்ணீரில் கரைந்து போகும், அந்த ஓட்டை வழியாகத்தான் பிளாஸ்ட் செய்கிறோம். சுழிக்குள் இருக்கும் துணுக்கு அடித்தாளிலேயே தன் இடத்தில் நிற்பதால் காணாமல் போகாது. ஃபிலிமைக் கண்ணாடியில் ஒட்டி, நன்றாகத் தேய்த்து, அப்புறம் அடித்தாளை உரித்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். கழுவத் தேவையில்லாத வகையும் உண்டு, அதில் எழுத்துப் பகுதி துகள் பட்டதும் தானே நொறுங்கி வழிவிடும்.

வளைவைப் பற்றிக் கேட்டால், இது 75 முதல் 125 மைக்ரான் வரைதான், வளையும், ஆனால் வினைல் மாதிரி இழுபடாது. டம்ளரில் கவலையே இல்லை. ஒயின் கிளாஸின் வயிறு இரு பக்கமும் வளைந்தது என்பதால் முதல் பதிலில் சொன்ன கணக்கு இங்கும் பொருந்தும். ஒரு வரி எழுத்தைக் குட்டையான பட்டையாக வெட்டிக் கிடையாகச் சுற்றினால் படிந்துவிடும். இரண்டு வரி என்றால் இரண்டு பட்டைகள். எழுத்தைச் சுற்றி வீணாகக் கிடக்கும் ஃபிலிமை ஓட்ட நறுக்கிவிடுங்கள், மீதி இடத்தை டேப்பால் மூடிக்கொள்ளலாம்.

ஒளி காட்டும் நேரத்தில்தான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள். அதிகம் காட்டினால் கறுப்பின் ஓரத்துக்கு அடியிலும் ஒளி கசிந்து மெல்லிய கோடுகள் கழுவப்படாமல் அடைத்துக்கொள்ளும். குறைவாகக் காட்டினால் மறைக்க வேண்டிய இடமே வழுவழுத்துக் கரையும், பிளாஸ்ட்டில் தாங்காது. ஒரு துண்டு ஃபிலிமில் ஒரே கோட்டைப் பல நேரங்களுக்குக் காட்டிப் பார்த்து, உங்கள் விளக்குக்கு எது சரி என்று எழுதி விளக்கின் மேலேயே ஒட்டிவையுங்கள். கழுவியபின் முழுசாகக் காயவையுங்கள். விரலால் தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். ஈரமான ஃபிலிம் கண்ணாடியில் ஒட்டியது போலத் தெரியும், துகள் பட்டதும் கழன்றுவிடும்.

கேள்வி: வினைலை லேசரில் வெட்டினால் நுணுக்கம் கூடுமே?

பதில்: லேசரில் வெட்டவே கூடாது. வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக், அதில் குளோரின் இருக்கிறது. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். உங்கள் நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தின் கண்ணாடிகளையும் இரும்பையும் அரிக்கும். புகைபோக்கி இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என்னிடம் இருப்பது மேடும் பள்ளமுமாக வார்த்த கண்ணாடிக் கிண்ணம். எந்த ஷீட்டும் அதில் படியாது. பூசிக் காயவைக்கும் மாஸ்க் ஏதாவது இருக்கிறதா? வெள்ளைப் பசையைப் பூசலாம் என்று ஒருவர் சொன்னார்.

பதில்: சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஷீட் தோற்கும் இடத்தில் திரவம் ஜெயிக்கும். வளைவு எத்தனை திசையில் இருந்தாலும் திரவத்துக்குக் கவலை இல்லை.

மரவேலைக்கான வெள்ளை பிவிஏ பசை காய்ந்தபின் ஓரளவு நெகிழும். மூன்று நான்கு மெல்லிய பூச்சாகப் பூசினால் குறைந்த அழுத்தத்தில் லேசான பனிப்பூச்சுக்குத் தாங்கும். வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் வந்துவிடும். அதே காரணத்தால் ஈரக்காற்றில் இளகும், ஆழமான வேலைக்கு ஆகாது.

நான் பரிந்துரைப்பது திரவ லேடெக்ஸ். பால் வெள்ளையாக இருக்கும், அம்மோனியா நெடி வரும், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். தூரிகையை முதலில் சோப்புத் தண்ணீரில் முக்கி உதறிவிட்டுத் தொடுங்கள், இல்லாவிட்டால் மயிரெல்லாம் ஒன்றாக இறுகித் தூரிகை குப்பைக்குப் போகும். மெல்லியதாக ஒரு பூச்சு. வெள்ளை நிறம் மெல்ல மறைந்து மங்கிய மஞ்சளாக, கண்ணாடி உள்ளே தெரியும்படி மாறும், ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வரும். நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாமல் போன பிறகுதான் அடுத்த பூச்சு. அவசரப்பட்டுத் தடியாக ஒரே பூச்சில் முடித்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே பாலாகவே கிடக்கும், கத்தி வைத்ததும் குழைந்து வரும். பள்ளங்களில் திரவம் தேங்கும், மேடுகளில் மெலியும், ஆகவே மேட்டில் கூடுதலாக ஒரு பூச்சு கொடுங்கள். மாஸ்க் தேயப்போவது அங்கேதான்.

காய்ந்ததும் புது பிளேடு போட்ட கத்தியால் வடிவத்தை வெட்டி உரித்தெடுக்க வேண்டும். பழைய பிளேடு லேடெக்ஸை வெட்டாது, இழுக்கும். கத்தியைக் கண்ணாடியில் அழுத்தாதீர்கள், லேடெக்ஸைத் தாண்டினால் போதும், கண்ணாடியில் விழும் கீறல் பிளாஸ்ட் ஆனபின் கோடாகத் தெரியும். மழமழப்பான கண்ணாடியில் லேடெக்ஸின் பிடி அவ்வளவு வலுவில்லை. மெல்லிய கோடுகளும் கூர்முனைகளும் தூக்கிக்கொள்ளும். பெரிய, திரண்ட வடிவங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தும் செய்யலாம். நுணுக்கமான பகுதிக்குச் சின்ன வினைல் துண்டு, மீதிப் பரப்பு முழுக்க லேடெக்ஸ், இரண்டும் சேரும் இடத்தில் லேடெக்ஸ் வினைலின் மேல் கொஞ்சம் ஏறியிருக்கட்டும்.

கேள்வி: நல்ல ஃபிலிம், நல்ல வடிவம், சுருக்கமும் இல்லை. ஆனாலும் டம்ளரில் வடிவத்தின் நடுப்பகுதி பளிச்சென்று வருகிறது, இரண்டு பக்க ஓரமும் மங்கலாக, விளிம்பு பிசிறடித்து வருகிறது. ஏன்?

பதில்: நீங்கள் டம்ளரைத் திருப்பாமல் ஒரே நிலையில் பிடித்து அடிக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள டம்ளரில் வடிவம் 40 மில்லிமீட்டர் அகலம் என்றால், நடுவில் துகள் செங்குத்தாக, 90 டிகிரியில் மோதும்போது ஓரத்தில் சுமார் 61 டிகிரியில்தான் மோதுகிறது. வடிவம் 60 மில்லிமீட்டர் என்றால் ஓரத்தில் 47 டிகிரி. மேலே சொன்னேனே, சாய்வு கூடக் கூடக் கண்ணாடி வெட்டுப்படுவது குறையும், மாஸ்க் தேய்வது கூடும். ஓரம் மங்குவதற்கும் பிசிறுக்கும் அதுதான் காரணம். சாய்ந்து வரும் துகள் மாஸ்க்கின் வெட்டுவாயைத் தூக்கி அடியிலும் புகுந்துவிடும்.

துகள் பீய்ச்சும் முனையான நாசிலை அசைக்காமல் கண்ணாடியைச் சுழற்றுங்கள். எந்த இடத்தை அடிக்கிறீர்களோ அது நாசிலுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும், 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில். ஒரே இடத்தில் நிறுத்தாமல் சீராக நகர்த்துங்கள், நிறுத்தினால் சூடேறிப் பசை இளகும். துகள் 150 முதல் 220 வரையான கிரிட் (துகளின் அளவைச் சொல்லும் எண், எண் கூடினால் துகள் சிறியது) அலுமினியம் ஆக்சைடு இருந்தால் போதும், 220 கிரிட் துகள் 60, 70 மைக்ரான்தான் இருக்கும், விளிம்பு கூர்மையாக விழும். பெருந்துகள் மெல்லிய ஃபிலிமைக் கிழித்துவிடும். அழுத்தத் தொட்டி வகை இயந்திரம் என்றால் காற்றழுத்தத்தை 20 முதல் 30 பிஎஸ்ஐக்குள் தொடங்குங்கள், உறிஞ்சு வகை என்றால் 40-லிருந்து. நேரம் ஆகிறது என்று அழுத்தத்தைக் கூட்டினால் முதலில் தோற்பது மாஸ்க்தான்.

பிடிப்பையும் பாருங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைத்த பின் ஒட்டும் இடத்தில் விரலே படக்கூடாது. பளபளப்புக்காக சிலிகான் கலந்து வரும் பாலிஷ் எதுவும் கண்ணாடியில் பட்டிருந்தால் எந்தப் பசையும் நிற்காது. குளிர்ந்த கண்ணாடியில் பசை பிடிக்காது, அறை வெப்பத்துக்கு வரட்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டும் பழக்கம் போர்டு வேலைக்குச் சரி. இங்கே அடியில் தங்கும் ஈரம் விளிம்பில்தான் வெளிவரும், முழுசாகக் காயும்வரை பிளாஸ்ட் செய்யாதீர்கள். வெட்டிய வினைலை அப்படியே தூக்கிக் கண்ணாடிக்கு மாற்றும் டிரான்ஸ்பர் டேப் விறைப்பானதாக இருந்தால் அதுவே வினைலை வளைவிலிருந்து தூக்கும். காகித வகை வாங்கி, ஆங்காங்கே கீறிவிட்டு ஒட்டுங்கள். அதை உரித்த பிறகு வடிவத்தின் விளிம்பு முழுவதையும் நகத்தின் பின்புறத்தாலோ மெல்லிய பிளாஸ்டிக் துண்டாலோ இன்னொரு முறை அழுத்திவிடுங்கள். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் அடியில் காற்று நிற்கும் இடம் வெள்ளிக் கீற்றாகத் தெரியும். ஒரு கீற்றுகூட விடாதீர்கள்.

கேள்வி: தடித்த ரப்பர் ஷீட் வைத்துப் பூச்சாடியில் ஆழமாகச் செதுக்கலாமா?

பதில்: கல்வெட்டு வேலைக்கு வரும் அந்த ஷீட் அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். பெரிய ஜாடியில் சுற்றும், சின்ன ஜாடியில் நிமிர்ந்துகொள்ளும். ஜாடியின் சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்த்துக்கொண்டு, அதில் பாதிக்கு மேல் ஆழம் போகாதீர்கள். டெம்பர்டு கண்ணாடியில் (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது) ஆழமாகச் செதுக்கவே கூடாது. அதன் இரண்டு முகத்திலும் தடிமனில் ஏறக்குறைய 20 சதவீதம் வரை அழுத்தப்பட்ட அடுக்கு இருக்கும், செதுக்கல் அதைத் தாண்டினால் மொத்தமும் கையிலேயே வெடித்துத் தூளாகும்.

கேள்வி: கிரிட் துகள் வாங்கக் காசு ஆகிறது. சலித்த மணலையே போடலாமா? பெயரே சாண்ட்பிளாஸ்டிங்தானே.

பதில்: தயவுசெய்து வேண்டாம். மணல் என்பது படிக சிலிக்கா. மோதி உடையும்போது 10 மைக்ரானுக்கும் சிறிய தூளாகி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்து இல்லை, மணலை நிறுத்திய பிறகும் நோய் முற்றிக்கொண்டே போகலாம். பிரிட்டனில் வார்ப்புகளை மணல் கொண்டு பிளாஸ்ட் செய்வதை 1949 விதிகளிலேயே தடை செய்துவிட்டார்கள். அலுமினியம் ஆக்சைடையோ சிலிக்கன் கார்பைடையோ சலித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், கணக்குப் பார்த்தால் அவ்வளவு செலவும் இல்லை. அப்படியும் மூடிய பெட்டிக்குள்தான் வேலை, தூசி உறிஞ்சி ஓட வேண்டும், பெட்டியைத் திறக்கும்போது துணி முகமூடி அல்ல, துகள் வடிகட்டும் சுவாசக் கவசம் போட வேண்டும்.

கேள்வி: ஒட்டிவைத்த வினைல் ஒரு மாதம் அப்படியே கிடந்துவிட்டது, இப்போது உரித்தால் பசை கண்ணாடியிலேயே நிற்கிறது.

பதில்: பனிப்பூச்சு ஏற்கெனவே விழுந்துவிட்டதா என்பதைப் பொறுத்தது. விழவில்லை என்றால் ஹேர் டிரையரில் சூடாக்கி உரித்து, மீதியை ஆரஞ்சு எண்ணெய் கலந்த கரைப்பானால் துடைத்து, அப்புறம் ஆல்கஹாலால் ஒருமுறை. விழுந்துவிட்டது என்றால் கரைப்பானைத் துணியில் தொட்டு, வழவழப்பான பகுதியில் மட்டும் துடையுங்கள். கரைந்த பசை வெள்ளைப் பகுதியின் நுண்குழிகளில் இறங்கினால் எண்ணெய்க் கறை மாதிரி நிற்கும், பாத்திர சோப்பும் பழைய பல் பிரஷும் வைத்து வெந்நீரில் தேய்த்தால்தான் போகும். இனிமேல் ஒட்டிய ஓரிரு நாளில் பிளாஸ்ட் செய்து, அன்றே உரித்துவிடுங்கள். வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம்.

கேள்வி: ஒரே மாதிரி நிறைய டம்ளர்கள் செய்ய வேண்டும். ஒரு மாஸ்க்கை உரித்து அடுத்த டம்ளரில் ஒட்டலாமா? வாயையும் உட்புறத்தையும் எதைக் கொண்டு மூடுவது?

பதில்: ஒட்டும் மாஸ்க்கை மறுபடி ஒட்டாதீர்கள், பசையில் துகள் ஏறியிருக்கும், விளிம்பு இழுபட்டிருக்கும். எண்ணிக்கை அதிகம் என்றால் போட்டோ ஃபிலிமில் ஒரே தாளில் பலவற்றை வரிசையாக வைத்து ஒரே தடவை ஒளி காட்டிவிடலாம், நேரமும் மிச்சம், எல்லாம் ஒன்று போலவும் இருக்கும். திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டியது வெளிப்போர்வை மட்டும்தான். டம்ளர் அளவுக்குச் சைக்கிள் டியூபையோ தடித்த ரப்பரையோ உறை மாதிரி வெட்டி, வடிவம் வரும் இடத்தில் ஜன்னல் விட்டு மாட்டிக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் டேப் சுற்றும் வேலை இல்லை. ஜன்னலின் ஓரம் ஃபிலிமின் மேல் எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டராவது ஏறியிருக்கட்டும். வாய்க்கு ரப்பர் மூடியோ, இரண்டு அடுக்கு பிவிசி டேப்போ போதும். ஆனால் கட்டாயம் மூடுங்கள், பெட்டியின் சுவரில் மோதித் திரும்பும் துகள் உட்புறத்தில் ஒரு பக்கமாக மங்கல் விழவைக்கும், கழுவிய பிறகுதான் அது கண்ணில் படும். அடிப்பாகத்தையும் மறக்காமல் மூடிவிடுங்கள்.